முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, லூக்கா 13: 1-9. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய நற்செய்தியில் சிலர் இயேசுவிடம் ஒரு செய்தியோடு வருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான் என்பது செய்தி. அந்தச் செய்திக்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருந்தது: செத்தவர்கள் ஏதோ பெரிய பாவம் செய்திருப்பார்கள். அவர்கள் இதை வாய்விட்டுச் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. ஆனாலும் இயேசு அதற்குத்தான் பதில் சொல்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்கிறார். அதோடு விடாமல், சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து இறந்த 18 பேரையும் தாமே நினைவுபடுத்தி, அவர்களும் அப்படி அல்லர் என்கிறார்.

நம் பக்கத்துக்கு இது புதிய பேச்சு அல்ல. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் லாரியை நம்பிப் பிழைக்காத தெரு குறைவு. லைனுக்குப் போன வண்டி எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று போன் வருகிறது. டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார், லோடு எவ்வளவு, பிரேக் எப்படி இருந்தது என்று கேட்பதற்குள், "அவங்க அப்பன் செஞ்ச பாவம்" என்று திண்ணையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். துக்க வீட்டுக்குள் போகும்போதும் அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டுதான் போகிறோம்.

இதையடுத்து இயேசு அத்திமர உவமையைச் சொல்கிறார். மூன்று ஆண்டாகக் கனி இல்லை, வெட்டிவிடு என்கிறார் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். சும்மா கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று வேலையைச் சொல்லிக் கேட்கிறார். சொந்தக்காரர் கிளையைப் பார்த்தார், தோட்டக்காரர் வேரைப் பார்த்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

பட்டறைத் தொழில் தெரிந்த மக்கள் நாம். ஆகவே ஒரு காரை வைத்தே இதைப் பேசலாம். லாரியின் கியர் பாக்ஸை ஓசையை வைத்தே சொல்லிவிடும் மேஸ்திரிகள் நம்மிடையே உண்டு. ஆனால் பழைய ஆட்டோமேட்டிக் கார் வந்து நின்றால் அவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். லாரியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இருக்கிறது. அதை மிதிப்பது மனிதனின் கால். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காலின் வேலையை ஆயில் செய்கிறது. எஞ்சின் சுற்றும்போது ஒரு பம்பு ஆயிலை அழுத்தத்தோடு அனுப்பும். அந்த அழுத்தம் உள்ளே இருக்கும் கிளட்ச்களைப் பிடிக்கவும் விடவும் செய்யும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், அழுத்தமும் போய்விடும். அதனால்தான் இந்தக் காரை நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எத்தனை பேர் தள்ளியும் பயனில்லை என்பது நம் ஊர் இளைஞர்களுக்கு ஏற்க முடியாத அவமானம்! அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் இந்த வகைக் கியர் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் அது பரவ நெடுங்காலம் ஆயிற்று. 2014-இல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. வேறு சாதி, அதில் சாதாரண கியர் பாக்ஸையும் கிளட்சையும் ஒரு கருவி இயக்குகிறது. அதன் பழுதும் வேறு, பார்க்கும் முறையும் வேறு.

நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். இடது முழங்கால் தேய்ந்துவிட்டதால் கிளட்ச் மிதிக்க முடியாது. கணவருக்கு வாரம் மூன்று முறை சேலத்தில் டயாலிசிஸ். அதற்காகவே ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கி அவரே ஓட்டினார். ஒரு நாள் முதல் கார் சண்டித்தனம் செய்யத் தொடங்கியது. லிவரை டி-யில் போட்டால் ஒரு கணம் சும்மா நிற்கும், பிறகு தடக்கென்று இழுக்கும். வளைவில் திரும்பும்போது எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி போகாது. ஒரு பட்டறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சுங்க டீச்சர். முழுசா மாத்தணும், இல்லன்னா காயலாங்கடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். மாற்றுவதற்குச் சொன்ன தொகை காரை விற்றாலும் கிடைக்காது. டீச்சருக்கு அது காரைப் பற்றிய தீர்ப்பாக மட்டும் கேட்கவில்லை.

இன்னொரு மெக்கானிக்கிடம் போனார். அவர் காரைத் தொடவே அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை கேள்விதான். காலையில் ஆறிய வண்டியிலா, சூடானபிறகா? எந்தப் பக்க வளைவில்? ரிவர்ஸ் எடுக்கிறதா? எல்லா நாளும் உண்டா, சில நாளா? நிறுத்துகிற இடத்தில் தரையில் கறை உண்டா? இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்கச் சொன்னார். மறுநாள் அட்டையில் முன்பக்கம் ரேடியேட்டருக்கு நேர் கீழே சிவந்த சொட்டுகள். எஞ்சின் ஆயில் கறுத்துச் சொட்டும். இந்த ஆயிலின் நிறம் சிவப்பு. பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கி, லிவரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து எடுத்து, பார்க்கில் போட்டு, எஞ்சின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். (சில கார்களில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், டிப் ஸ்டிக்கே இல்லாத கார்களும் உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தைப் படிக்காமல் யாரும் கை வைக்க வேண்டாம்.) ஆயில் மிகவும் இறங்கியிருந்தது. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சியிருக்கிறது. ஆயிலைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ், கிளிப் இருக்கும் இடத்தில் கசிந்திருந்தது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி, அந்தக் காருக்குரிய ஆயிலை அளவோடு ஊற்றினார். கூடுதலாக ஊற்றினாலும் நுரைத்துப்போய் அதே தொல்லை தரும் என்றார். டயாலிசிஸ் பயணம் தொடர்கிறது.

அவரிடம் நமக்குப் பிடித்தது இன்னொன்று. எது ஓடவில்லை என்று கேட்ட அளவுக்கு, எது நன்றாக ஓடுகிறது என்றும் கேட்டார். ஒவ்வொரு கியருக்கும் உள்ளே எந்தெந்த கிளட்ச் பிடிக்கும் என்று ஓர் அட்டவணை உண்டாம். ரிவர்ஸ் ஒழுங்காக எடுத்து முன்கியர் மட்டும் வழுக்கினால், ரிவர்ஸுக்கும் உழைக்கும் பாகங்களை ஒதுக்கிவிட்டு மீதியில் தேடலாம். கணினியை மாட்டிப் பார்த்தாலும் பி 0700 என்ற குறியீடு வந்தால் கியர் பக்கம் ஏதோ குறை பதிவாகியிருக்கிறது என்றுதான் பொருள்; எந்தப் பாகம் என்று அது சொல்லாது. கியர் பாக்ஸைப் பழிக்கும் தடக் சத்தம் சில வேளைகளில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்ததால் வரும். லிவர் பார்க்கிலிருந்து நகரவே மறுத்தால், சில கார்களில் பிரேக் விளக்கின் சுவிட்சைப் பார்த்தாலே போதும். பாக்ஸைப் பிரித்துப் பரப்பியபிறகு இதெல்லாம் தெரிந்து என்ன பயன்?

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் ஆன்ம ஆய்வுக்கு ஐந்து படிகள் வைத்தார். முதல் படி பாவத்தைத் தேடுவது என்று நாம் நினைப்போம். அவர் நன்றியில் தொடங்குகிறார். அடுத்து, அறிந்துகொள்ளும் அருளைக் கேட்கச் சொல்கிறார். மூன்றாவதாகத்தான் அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது. குருமடத்தில் படித்த காலத்தில் இந்த வரிசையை நாம் மனப்பாடமாகத்தான் ஒப்பித்தோம். என்ன ஓடுகிறது என்று முதலில் பார்ப்பதன் பயன் பட்டறையில் நின்றபோது இன்னும் தெளிவாயிற்று.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருகிறார்கள். "சாமி, நான் பெரிய பாவி." அடுத்த வாக்கியம் வராது. அல்லது மருமகளின் பாவம், மாமியாரின் பாவம், பங்காளியின் பாவம் எல்லாம் வரிசையாக வரும். திரெந்து பொதுச்சங்கம் 1551-இல், சாவான பாவங்களை வகையோடும் எண்ணிக்கையோடும் அறிக்கையிடக் கேட்டது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டமும் 988-ஆம் எண்ணில் அதையே சொல்கிறது. எண்ணிக்கை எதற்கு, கடவுள் கணக்குப்பிள்ளையா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. "கோபக்காரன் நான்" என்பது கியர் பாக்ஸ் போச்சு என்பதைப் போன்றது. "சம்பளம் தள்ளிப்போன வாரத்தில் மூன்று முறை மனைவியை அடித்தேன், மூன்று முறையும் குடித்திருந்தேன்" என்பது அட்டையில் விழுந்த சொட்டு. அதை வைத்துக்கொண்டு அருளோடு ஒத்துழைக்க முடியும்.

எல்லாப் பழுதும் ஹோஸ் கிளிப்போடு முடியும் என்று சொல்லவில்லை. அதே மெக்கானிக்கிடம் ஓர் இளைஞர் வந்தார். வழுக்குகிற காரிலேயே மாதக்கணக்கில், காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கியிருக்கிறார். ஆயில் கறுத்து, தீய்ந்த நாற்றம் அடித்தது. கிளட்ச் தேய்ந்த துகள் அதில் கலந்திருந்தது. புது ஆயில் ஊற்றினால் சரியாகுமா என்று கேட்டார். தேய்ந்துபோன கிளட்சுக்கு ஆயில் தோல் வளர்க்காது என்று மெக்கானிக் நேராகவே சொன்னார். பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. தோட்டக்காரரும் முடிவில்லாத காலம் கேட்கவில்லை, ஓராண்டுதான் கேட்டார். ஆண்டவர் மனமாற்றத்தை இந்தப் பகுதியில் இரண்டு முறை வலியுறுத்தியதையும் நாம் தள்ளிவிட முடியாது.

சென்ற மாதம் ஒரு தாய் பத்தாம் வகுப்பு மகனோடு வந்தார். "இவன் உருப்படமாட்டான் சாமி, ஹாஸ்டல்லயாவது தள்ளிவிடுங்க." பையன் பள்ளிக்குப் போவதில்லை. எப்போதிலிருந்து, எந்தெந்த நாள், எது ஒழுங்காகச் செய்கிறான் என்று கேட்டோம். காலை ஐந்து மணிக்குக் கோழிப்பண்ணை வேலைக்கு ஒரு நாளும் தவறியதில்லை. பள்ளி தவறுவது அப்பா லைனிலிருந்து திரும்பி வீட்டில் இருக்கும் நாள்களில். அந்த நாள்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டபோது தாய் அழுதுவிட்டார். பையன் இன்னும் பள்ளிக்குத் திரும்பவில்லை. அப்பா அடுத்த நடை முடித்து வரட்டும் என்று காத்திருக்கிறோம். அவரையும் கேள்விகளோடுதான் சந்திக்கப் போகிறோம்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் பிறகு ஒப்புரவுக்கு அமர்ந்திருப்போம். வருகிறவர்கள் முந்தின இரவு ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நன்றி சொல்லிவிட்டு, எப்போது, எங்கே, எத்தனை முறை என்று பார்த்து வாருங்கள். லைனில் இருப்பவர்கள் எந்த ஊரில் எந்தக் கோவில் திறந்திருந்தாலும் போகலாம். இரவு பகல் பாராமல் வீட்டுக்கு வந்தால் பங்குப் பணியகத்தின் மணியை அடியுங்கள். எழுந்து வருவோம்.