பலித்த வதந்தியும் சூழ்ச்சியாக இருக்கலாம்



கிரிக்கெட் வதந்தியைப் பேச ஒரு மேடையா என்று சிலர் நினைக்கலாம். அரசியல் செய்தி என்றால் நாம் உஷாராகிவிடுகிறோம். யார் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று கேட்கிறோம். 'சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார்' என்று வந்தால் மட்டும் பகுத்தறிவைக் கழற்றி வைத்துவிட்டு ஃபார்வர்டு செய்கிறோம். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். 2025இல் பல மாதங்கள் அது சுற்றியது. சாம்சனுக்குப் பதிலாகச் சென்னை யாரைக் கொடுக்கும் என்று புதிது புதிதாகப் பெயர்கள் வந்தன. கேட்டால் எல்லாமே 'எக்ஸ்க்ளூசிவ்', எல்லாமே 'உறுதியான தகவல்'. நவம்பர் 15 அன்று அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. சாம்சன் 18 கோடிக்குச் சென்னைக்கு. ஜடேஜா 14 கோடிக்கும் சாம் கரன் 2.4 கோடிக்கும் ராஜஸ்தானுக்கு. 'நாங்கள் அன்றே சொன்னோமே' என்று மார்தட்டும் பதிவுகளுக்கும் பஞ்சமில்லை. பத்துப் பெயரைச் சொல்லி ஒன்று பலித்தால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பலிக்காத ஒன்பது பதிவும் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறதா, இல்லை சத்தமில்லாமல் அழிக்கப்பட்டதா என்று தேடிப் பாருங்கள். ஒரு பக்கத்தின் யோக்கியதையை அளக்க எனக்குத் தெரிந்த எளிய வழி அதுதான்.

ஒரு வதந்தி உண்மையா பொய்யா என்பது ஒரு கேள்வி. அது நம்மை ஆட்டுவிக்கவென்றே செய்யப்பட்டதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

ஹர்திக் பாண்டியா விவகாரம் நினைவிருக்கும். 2023 நவம்பர் 26 அன்று வெளியான பட்டியலில், குஜராத் தக்கவைத்த வீரர்களில் அவர் பெயரும் இருந்தது. மறுநாளே அவர் மும்பைக்கு மாறிவிட்டார் என்ற அறிவிப்பு வந்தது. வதந்தி சரியாக இருந்தது; அதிகாரபூர்வப் பட்டியல் ஒரே நாளில் காலாவதியானது. ஆகவே 'அதிகாரபூர்வமாக வந்தால்தான் நம்புவேன்' என்ற விதியும் எப்போதும் கைகொடுப்பதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம். டிசம்பரில் ரோகித் சர்மாவின் இடத்தில் அவரை மும்பை கேப்டன் ஆக்கியது. குஜராத்துக்குக் கைமாறிய தொகை எவ்வளவு என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்படவில்லை. ஆனால் சமூக வலைத்தளத்தில் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள், கூடவே 'முதுகில் குத்தியவர்', 'காசுக்கு விலைபோனவர்' என்ற வசனங்களும். 2024 தொடரில் அகமதாபாத்திலும் வான்கடேயிலும் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். வான்கடேயில் டாஸ் போடும்போது, ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு அணி நிர்வாகங்கள் உட்கார்ந்து பேசி முடித்த வியாபாரம் அது. அவரும் சம்மதித்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் மைதானத்தில் நின்று வசவு வாங்கியவர் அவர் ஒருவர்தான். விற்றவர்கள் பக்கமும் வாங்கியவர்கள் பக்கமும் அந்த அளவுக்குக் கோபம் திரும்பவில்லை. அந்தக் கோடையில் நான் கவனித்தது இதைத்தான்: அணி மாறியது உண்மை. யார்மீது கோபப்பட வேண்டும் என்பதை அந்த உண்மையோடு யாரோ ஒட்டிக் கொடுத்தார்கள்.

அதனால் ஒரு பதிவைப் பார்த்ததும் நான் அதை இரண்டாகக் கிழித்துப் பார்ப்பேன். தகவல் எவ்வளவு, தூண்டுதல் எவ்வளவு? 'இரு அணிகளும் பேசுகின்றன, இன்னும் முடிவாகவில்லை' என்று ஒரு நிருபர் தன் பெயரைப் போட்டு எழுதினால், அது பிறகு நடக்காமல் போனாலும் சூழ்ச்சி அல்ல. ஐபிஎல் டிரேடுக்கு இரண்டு அணிகளும் வீரரும் ஒப்புக்கொள்ள வேண்டும், வாரியமும் அனுமதிக்க வேண்டும். இத்தனை பேர் கைபடும் விஷயம் கசியத்தான் செய்யும். கசியவிட்டவருக்கு ஒரு கணக்கும் இருக்கும்: விலையை ஏற்றுவதோ, ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆழம் பார்ப்பதோ. நல்ல நிருபர் அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்வார். பக்கம் நடத்துபவரின் கணக்கு வேறு. 2023இல் எக்ஸ் தளம் பதிவர்களுக்கு விளம்பர வருவாயில் பங்கு தரத் தொடங்கியது. சண்டை நீண்டால் பார்வை கூடும்.

நீல டிக்கை நம்புகிறவர்கள் 2022 நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். 8 டாலர் கட்டினால் டிக் என்று அறிவித்த சில நாட்களிலேயே, கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் பெயரில் டிக்கோடு ஒரு போலிக் கணக்கு வந்தது. லேக்கர்ஸ் அணியிலிருந்து தன்னை மாற்றிவிடச் சொல்லிக் கேட்டிருப்பதாக அதில் எழுதியிருந்தது.

'அப்படியானால் எல்லாமே பொய்' என்று சில தோழர்கள் கிளம்பிவிடுவார்கள். அதுவும் சோம்பேறித்தனம்தான். 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச் டல்லாஸிலிருந்து லேக்கர்ஸ் அணிக்குப் போகும் செய்தியை ஷாம்ஸ் சரானியா என்ற நிருபர் வெளியிட்டார். அவருடைய கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். செய்தி உண்மைதான் என்று அவரே மறுபடியும் பதிவிட வேண்டியதாயிற்று.

போதும், நானே பேசிக்கொண்டிருக்கிறேன். கைப்பேசியை எடுங்கள். இந்த வாரம் உங்கள் குழுவில் வந்த ஒரு டிரேடு செய்தியை யாராவது வாசியுங்கள். முதலில் பதிவிட்டவர் யார், என்ன தேதி, அதற்குக் கீழே யாரைத் திட்டுகிறார்கள் என்று இங்கேயே பார்த்துவிடலாம்.