தோட்டத்து ஏடுகளுக்கு எந்த வட்டு?



நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் அச்சேறாத வரலாறு. கோயில் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கு, தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவேடு, ஊரிலிருந்து வந்த கடிதங்கள், லயத்து வீட்டுச் சுவரில் தொங்கிய திருமணப் படங்கள் ஆகியவையே அதன் மூலங்கள். செனவாங், நீலாய் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மக்கள் இடம்பெயர்ந்தபோது பல ஏடுகள் தொலைந்தன. எஞ்சியவற்றை மின்வருடியால் படமாக்கிக் காக்க முனைவோர் முதலில் எழுப்பும் வினா ஒன்றுண்டு: விரைவாகச் சுழலும் வன்வட்டை வாங்குவதா, எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டை வாங்குவதா? அதனையே இவ்வுரையில் ஆராய்வோம்.

ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்வட்டு, 50 தட்டுகளில் ஏறத்தாழ 5 மில்லியன் எழுத்துகளைத் தாங்கியது. அன்றுமுதல் இன்றுவரை அடிப்படை ஒன்றே: தட்டு சுழல வேண்டும்; படிக்கும் முனை உரிய இடத்திற்கு நகர வேண்டும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டில், வேண்டிய பகுதி முனைக்கு அடியில் வரச் சராசரியாக நொடியில் ஆயிரத்தில் 4 பங்கு காலம் ஆகும். 10,000 முறை சுழலும் விரைவு வட்டில் அது 3 பங்காகக் குறையும். கூடுதல் விலைக்கும் வெப்பத்திற்கும் இரைச்சலுக்கும் ஈடாகக் கிடைப்பது அவ்வளவே. திண்மநிலை வட்டிலோ சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கினும் மிகக் குறைந்த காலத்தில் அது விடை தரும். ஆகவே, விரைவே வேண்டுமெனில் விரைவு வன்வட்டை நாடுவதில் பொருளில்லை.

ஆனால், நம் பணிக்கு விரைவு எங்கே தேவைப்படுகிறது? ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் தெளிவில், வண்ணத்தில், சுருக்காமல் பதிந்தால் ஏறத்தாழ 100 மெகாபைட் ஆகும். 10,000 பக்கங்கள் ஒரு டெராபைட்டை நிரப்பும். ஒரு பக்கத்தை வருடவே பல நொடிகள் ஆவதால், அதனைப் பதிய எளிய வன்வட்டே போதும். படங்களைத் திருத்தும்போதும், பெயரிடும்போதும், ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒன்றைத் தேடும்போதும்தான் திண்மநிலை வட்டின் விரைவு பயன்படும்.

காத்து வைப்பது வேறு பணி. திண்மநிலை வட்டு தரவை மின்னூட்டமாகத் தேக்கி வைக்கிறது. மின்சாரமின்றி அலமாரியில் கிடந்தால் அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். எழுதும் ஆயுள் தீர்ந்த நுகர்வோர் வட்டு, மின்சாரமின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் தரநிலை. புதிய வட்டு அதனினும் நெடுங்காலம் காக்கும். எனினும், நம் நாட்டு வெப்பத்தில் அதனைப் பூட்டி வைத்துவிட்டு மறந்திருத்தல் தகாது. வன்வட்டின் காந்தப் பதிவுக்கு அத்தகைய கசிவில்லை. ஒரே கொள்ளளவுக்கு விலையும் குறைவு. ஆனால், கீழே விழுந்தால் அது பழுதாகும், ஈரமும் பகையே.

ஆகவே எங்கள் முடிவு இது: வேலை செய்யும் கணினிக்குத் திண்மநிலை வட்டு, காப்புக்கு எளிய வன்வட்டுகள் இரண்டு. அவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் இருத்தலாகாது. ஒன்று தோட்டத்துப் பள்ளியிலோ கோயிலிலோ இருந்தால், மற்றொன்று சிரம்பானிலோ பகாவிலோ இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டையும் இயக்கிக் கோப்புகளைச் சரிபார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்குப் படியெடுக்க வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் வைப்பதன் கேட்டினை யாழ்ப்பாணம் நமக்கு உணர்த்தியது. 1981இல் அங்குப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் என்றென்றைக்குமாக அழிந்தன. நம் பழந்தமிழ் நூல்களோ, பனையோலை நெடுங்காலம் நிலைத்ததால் நம்மை வந்தடையவில்லை. ஓலை செல்லரிக்குமுன் ஒருவர் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார். அவருக்குப் பின் இன்னொருவர் எழுதினார். வட்டும் ஓலையே. எதை வாங்கினாலும் அது ஒருநாள் பழுதாகும். அதற்குமுன் படியெடுக்கும் கை ஒவ்வொரு தோட்டத்திற்கும் வேண்டும். படமெடுத்தாயிற்று என்று மூல ஏட்டை எறிந்துவிடவும் வேண்டா.

இப்பொறுப்பினை ஏற்க இளையோர் முன்வருதல் வேண்டும் என்று வேண்டி அமைகிறோம்.