கறை வேற, காரை வேற

போன மாசம் என் ஃப்ரெண்ட் ஒருத்தன் செல்ஃபி அனுப்பி, "மச்சி, பல்லு மஞ்சளா இருக்கு, எந்த சார்கோல் பேஸ்ட் வாங்கட்டும்?"னு கேட்டான். "பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருதா?"ன்னு நான் கேட்டேன். "அது ரெண்டு வருஷமா வருது, அதை விடு"ன்னான். இன்னைக்கு எபிசோடே அந்த "அதை விடு" பத்திதான்.

இப்பவே நாக்கால பல்லைத் தடவிப் பாருங்க. ஈறு ஓரத்துல லேசா பிசுபிசுன்னு இருக்கா? அதுதான் பிளேக். பாக்டீரியாக்கள் கூட்டமா ஒட்டிக்கிட்டு வாழுற படலம். பெருசா நிறம் கிடையாது, அதனால செல்ஃபியில தெரியாது. நாம சாப்பிடுற சர்க்கரையை அமிலமாக்கிச் சொத்தையை ஆரம்பிக்கிறது இதுதான். ஈறு வீங்கி ரத்தம் வர்றதுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிளேக்கை பிரஷ்ஷால எடுத்துடலாம். ஆனா விட்டுவெச்சா, எச்சில்ல இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் படிஞ்சு சில நாள்லயே கல்லாகும். அது காரை. கீழ் முன்பற்களோட உள்பக்கம் இது அதிகமா சேரும், ஏன்னா நாக்குக்கு அடியில எச்சில் வர்ற துவாரம் அங்கதான் இருக்கு. எந்த பேஸ்ட்டும் இதைக் கரைக்காது. ஸ்கேலிங்தான் வழி.

உடனே வீட்டுல ஒரு குரல் வரும்: "கிளீன் பண்ணா பல்லு ஆடும்டா!" எங்கம்மா இதைச் சொல்லியே 27 வயசு வரைக்கும் என்னைப் போகவிடலை. போயிட்டு வந்த அன்னைக்கு நாக்கால தடவினா, பல்லுக்கு நடுவுல சந்து! பதறிட்டேன். அந்தச் சந்து புதுசு இல்ல, அதுவரைக்கும் காரை அடைச்சு வெச்சிருந்தது. சிலருக்கு நிஜமாவே பல் ஆடும். ஆனா எலும்பு முன்னாடியே கரைஞ்சிருக்கும், காரை சிமென்ட் மாதிரி பிடிச்சு மறைச்சிருக்கும், அவ்ளோதான். கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், போயிடும்.

சரி, மஞ்சள்? எனாமல் கண்ணாடி மாதிரி கொஞ்சம் ஒளியை உள்ளே விடும். அதுக்கு அடியில இருக்கிற டென்டின் இயல்பாவே மஞ்சள். டீ, காபி, சிகரெட் கறை வெளியில படியுறது, கிளீனிங்ல பெரும்பாலும் போயிடும். சார்கோல் போட்டுத் தேய்ச்சா எனாமல் தேயும், எலுமிச்சை தடவினா அமிலத்துல கரையும். அது திரும்ப வளராது. மெலிஞ்சா உள்ள இருக்கிற மஞ்சள் இன்னும் தூக்கலா தெரியும். காசு குடுத்து மஞ்சள் வாங்குறோம்!

இன்னொண்ணு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்தவங்க சிலரோட பல்லுல பழுப்புத் திட்டு பார்த்திருப்பீங்க. "பல்லே விளக்க மாட்டாங்களோ"ன்னு நினைச்சிருந்தா, தப்பு நம்மளோடது. அங்க நிலத்தடித் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் வரம்பு. அதைத் தாண்டின தண்ணியைச் சின்ன வயசுல, எனாமல் உருவாகும்போதே வருஷக்கணக்கா குடிச்சா, நிறம் பல்லுக்குள்ளயே பதிஞ்சிடும். 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததுக்கு இதுதான் முக்கியக் காரணம். அவங்க ஈறு உங்க ஈறை விட ஆரோக்கியமா இருக்கலாம்.

ஃப்ரெண்ட் ஒருவழியா ஸ்கேலிங் போயிட்டு வந்தான். ராத்திரியும் ரெண்டு நிமிஷம் பிரஷ் பண்றான். ரத்தம் நின்னுடுச்சாம். பல்லு இன்னும் லேசா மஞ்சள்தான், செல்ஃபி மட்டும் நிக்கலை.