வடிகூடையில் சிக்கும் கொட்டியாரக் குடா

மாரி தொடங்கினால் இலங்கையின் மகாவலி ஆறு கலங்கி ஓடும். அதன் ஒரு வாய் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. சேறு, சுள்ளி, ஆற்றுவாழை எல்லாம் கூடவே வரும். கரையில் நிற்பவருக்குக் கடல் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சீனக்குடாவிலுள்ள பிறீமா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலின் எஞ்சின் அறையில் இருப்பவருக்கோ அது வேலை.

கப்பல் நின்றாலும் ஜெனரேட்டர் ஓடும். அதன் சூட்டை ஆற்றக் கடல்நீர் வேண்டும். அடித்தட்டு வழியாக வரும் நீர், பம்புக்கு முன் துளையிட்ட உலோகக் கூடை ஒன்றைக் கடக்கிறது. அதுதான் ஸ்ட்ரெய்னர். ஆழம் குறைந்த இடத்தில் சேற்றை உறிஞ்சாமலிருக்க, விலாப்பக்கத்து மேல்வாயைத் திறந்து கீழ்வாயை மூடுவார்கள். அப்படியும் கூடைக்குள் பாசியும் சிப்பியும் பொலித்தீனும் சேரும். சிலவேளை உயிர்நண்டும் இருக்கும்.

இது கப்பலோடு முடியும் தொல்லையல்ல. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம், கடலடியில் 468 மீற்றர் நீளச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்கிறது. பச்சைச் சிப்பி ஒட்டாமலிருக்கக் குளோரின் விடுகிறார்கள். சொறிமுட்டைக் கூட்டம் வந்தால் சுழலும் வலைத்திரைகளே திணறும். 2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவலின் நிலையத்தில் நான்கு அணு உலைகள் நின்றதற்குக் காரணமும் சொறிமுட்டைதான்.

கப்பலில் கூடையைக் கழுவும் நாளைக் கலண்டர் மட்டும் சொல்வதில்லை. கூடை அடைத்தால் பம்பின் உறிஞ்சு அழுத்தம் இறங்கும், எஞ்சின் சூடு ஏறும். உடனே மாற்றுக் கூடைக்கு நீரைத் திருப்பிவிட்டு, அடைபட்டதன் இருபக்க வால்வுகளையும் மூட வேண்டும். அடுத்த படியில்தான் அவசரக்காரர் மாட்டுவார். காற்றுக்குழாயைத் திறந்து, தண்ணீர் நின்றுவிட்டதா என்று பொறுத்துப் பார்க்காமல் மூடியைத் தொடக்கூடாது. வால்வு கசிந்தால் கடலே எஞ்சின் அறைக்குள் வந்துவிடும். நட்டுகளையும் முழுதாகக் கழற்றாமல், முதலில் தளர்த்திப் பார்ப்பதே முறை.

செத்த சிப்பியின் நாற்றம் சொல்லி மாளாது. தூரிகையும் நன்னீரும் போதும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் துளை அகன்றுவிடும். கிழிந்த ஓர் ஓட்டை வழியே நுழையும் சிப்பி, சூட்டை ஆற்றும் கூலரின் மெல்லிய குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதை எடுப்பது பெரும்பாடு. கூடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கேஸ்கட்டைத் துடைத்து, மூடியைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்குவார்கள். பிறகு நீர்வரும் வால்வைச் சற்றே திறந்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் பம்பு வெறுமனே சுற்றும். கழுவிய கூடையிருந்தும் எஞ்சின் சூடாகும்.