உறக்கமும் உள்ளமும் உடற்காவலும்

 

தேர்த்திருவிழாவுக்கு முன்னாளாகிய இன்று, ‘உடம்பும் உள்ளமும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் அடியேனைப் பணித்துள்ளனர். நூற்பொருள் கூறிச் சென்றுவிடலாம். ஆயினும், பல்லாண்டுகளாக மேடைதோறும் அடியேன் கூறிவந்த கூற்றொன்றில் பிழை உண்டெனக் காலங்கடந்து உணர்ந்தேன். ‘மனம் சோர்ந்தவர் வைகறையில் எழுக, சோர்வு தானே அகலும்’ என்பதே அது. அப்பிழையை இவ்வவையில் ஒப்புக்கொள்ளத் துணிந்தேன்.

தமையனார் சிவபதம் எய்திய பின்னர் அண்ணியார் முன்னைப்போல் இலர். உணவில் விருப்பில்லை, பேச்சு அருகிற்று. இரவு பத்து மணிக்குப் படுப்பார். இரண்டு மணிக்கு விழிப்பு வரும். பின்னர்க் கண் மூடாது. பகலெல்லாம் சுவரில் சாய்ந்திருப்பார். வெந்நீர் கொட்டிக் காலில் உண்டான புண் இரண்டு திங்களாகியும் ஆறவில்லை. சளியும் இருமலும் மாறிமாறி வந்தன. அடியேன் யாது செய்தேன்? பெரும்புலவனைப்போல் எதிரில் அமர்ந்து, “மூன்று மணிக்கே எழுந்து நீராடுங்கள் அண்ணி, சோம்பலுக்கு இடம் கொடாதீர்கள்” என்றேன். அவர் சினந்தாரிலர். “உறங்கினால் அன்றோ தம்பி, எழுவதற்கு?” என்றார். அவ்வளவே.

புண்ணைப் பார்த்த மருத்துவர் சர்க்கரை நோய் உண்டோ என்று சோதித்தார், இல்லை. அடுத்து அவர் வினவியது, “அம்மா, இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள்?” என்பது. புண்ணுக்கும் உறக்கத்துக்கும் யாது தொடர்பு என அடியேன் திகைத்தேன். அவர் விளக்கியனவும், பின்னர்க் கற்றறிந்தோர்பால் கேட்டனவும் ஈண்டுக் கூறுவன்.

அமெரிக்க நாட்டு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1995இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். மறதிநோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்மணிகள் 13 பேர்; அத்தகைய சுமையில்லாத பெண்மணிகள் 13 பேர். இருசாரார் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் மருத்துவமுறைப்படி சிறு புண் உண்டாக்கி, அஃது ஆறும் நாளை எண்ணினர். பேணிவந்த பெண்டிர்க்கு ஏறத்தாழ 9 நாள் கூடுதலாயிற்று. இவ்வவையிலுள்ள தாய்மார் பலர்க்கு இது புதுச்செய்தி அன்று போலும்.

அடியேனைத் தலைகுனியச் செய்தது மற்றொன்று. 1994இல் மைக்கேல் இர்வின் என்பாரும் அவர்தம் குழுவினரும் நோயற்ற ஆடவர் 23 பேரைப் பின்னிரவு 3 மணி முதல் 7 மணி வரை உறங்கவிடாது வைத்தனர். நம் குருதியில் இயற்கைக் கொல்லணுக்கள் என ஒரு காவற்படை உண்டு. நச்சுயிரி புகுந்த அணுவையும் புற்றாக மாறும் அணுவையும் கண்டு அழித்தல் அதன் தொழில். ஓரிரவு உறக்கம் குறைந்ததற்கே 18 பேரிடம் அப்படையின் வலிமை தளர்ந்தது. சராசரியாக 100க்கு 72 என்னும் அளவுக்கு இறங்கிற்று. மூன்று மணி! அண்ணியாரை எழச் சொன்ன அதே நாழிகை.

‘சிவராத்திரியில் கண்விழிக்கின்றோமே, அது தீங்கோ?’ என அன்பர் சிலர் வினவக்கூடும். மறுநாள் இரவு உறங்கியதும் அப்படை பழைய வலிமை பெற்றது என்பதும் அவ்வாய்விலேயே உளது. ஆண்டுக்கு ஓரிரவு விரும்பி விழிப்பது வேறு. ஆறு திங்கள் உறங்க ஏங்கி விழித்துக் கிடப்பது வேறு.

துயரம் உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கக்கேடு காவலைக் குலைக்கும். இதுவரை எளிது. காவலின் கோளாறு மீண்டும் துயரத்தை வளர்க்கும் என்பதே அரிய செய்தி. அஃது எங்ஙனம் எனின், காய்ச்சல் கண்ட நாளில் உண்ணவும் பேசவும் பிடியாமல் சுருண்டு படுக்கின்றோம் அல்லவா? அதனைச் செய்வன கிருமிகள் மாத்திரம் அல்ல. நம் காவலணுக்கள் விடுக்கும் சைட்டோகைன் என்னும் தூதுப்பொருள்களே மூளைக்குச் செய்தி அனுப்பி நம்மைக் கிடத்துகின்றன. அத்தகைய பொருள்களுள் ஒன்றாகிய இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவை முன்னர்க் கல்லீரல் அழற்சி ‘சி’ நோய்க்கு ஊசிவழிச் செலுத்தி வந்தனர். பெற்றவருள் பலர்க்கு ஆழ்ந்த மனச்சோர்வு உண்டாயிற்று. எல்லா மனச்சோர்வும் இவ்வழியே வருவதன்று. ஆயினும் சோர்ந்தாரைச் சோம்பேறி என்பதும், பக்தி குறைந்தவர் என்பதும் காய்ச்சற்காரனை வைவதோடு ஒக்கும்.

இவ்வளையத்தை எங்கே அறுப்பது? அதே இர்வின் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடத்தி 2022இல் அச்சேற்றிய ஆய்வு ஒருவழி காட்டுகிறது. மனச்சோர்வின்றி உறக்கமின்மை மட்டும் உடைய, 60 அகவை நிரம்பியோர் 291 பேர். ஒருசாரார்க்கு இரு திங்கள் உறக்கப் பயிற்சி. மறுசாரார்க்கு உறக்கம் பற்றிய பாடம் மட்டும். மூன்றாண்டுக்குள் பாடம் கேட்டவருள் 100க்கு 26 பேரையும், பயிற்சி பெற்றவருள் 12 பேரையும் மனச்சோர்வு பற்றிற்று. பாடம் மட்டும் சொல்லிவரும் அடியேன் போன்றோர் இதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

மருத்துவர் அண்ணியாரை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவர் மருந்தும் தந்தார், பயிற்சியும் தந்தார். பகலில் படுத்தல் கூடாது. உறக்கம் வாராவிடில் பாயை விட்டெழுந்து கூடத்தில் அமர்தல் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல் வேண்டும். முதல் இரு கிழமை பெரும்பாடு. கார்த்திகையில் புண் ஆறிற்று. உறக்கத்தால் ஆறிற்றோ, மருந்தால் ஆறிற்றோ, அடியேன் அறுதியிட்டுக் கூறேன்.

தைத் திங்களில் ஒருநாள் அவர் இல்லம் சென்றேன். காலை ஐந்தரை மணி. அண்ணியார் உறங்குகிறார் என்றாள் மருமகள். அவர் எழுமளவும் திண்ணையில் அமர்ந்திருந்தேன்.