சாப்பாடா? ஜோடனையா?

(கூட்டமைப்பின் பொதுக்கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நம் முன்னால் ஒரு கடன் மனு இருக்கிறது. ஏரிக்கரைப் படகுத்துறையில் சாப்பாட்டுக்கடை போட நம்ம குழு ஒன்று ரூ.1 லட்சம் கேட்டிருக்கிறது. அதில் குடில், மூங்கில் தட்டி, கலர் பல்பு, வாசலில் வைக்க யானைப் பொம்மை என்று ரூ.70,000 போட்டிருக்கிறார்கள். அடுப்பு, பாத்திரம், மளிகைக்கு ரூ.30,000. "சுத்திப் பாக்க வர்றவங்க கடையோட அழகைப் பாத்துத்தான் உள்ள வருவாங்க மேடம்" என்று சொன்னாங்க. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தீர்மானம் எழுதுவதற்கு முன்னால், போன வருஷம் நாம போய்வந்த சுற்றுலாவை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

42 பேர் போனோம். மாதம் ரூ.20 சுற்றுலாச் சந்தா கட்டிச் சேர்த்த பணம். அந்தத் தீம் பார்க் வாசலில் நம்ம புளிசோற்றுப் பொட்டலத்தை எல்லாம் நிறுத்திட்டாங்க. வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாதாம். மதியம் பசி வந்ததும் உள்ளே இருந்த ஓட்டலுக்குப் போனோம். குகை மாதிரி கட்டியிருந்தாங்க. செயற்கை அருவி, பாறை மேல புலி, மங்கலான வெளிச்சம். பிள்ளைகள் வாயைப் பிளந்துட்டாங்க. நானும்தான்.

சாப்பாடு வந்தது. சோறு ஆறிப் போயிருந்தது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. பொரியலில் புளிச்ச வாடை. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட அங்கே வெளிச்சம் போதவில்லை. தலைக்கு ரூ.180. 42 பேருக்கு ரூ.7,560. கணக்குப் போட்டுப் பாருங்கள், நம்ம ஒன்பது மாதச் சந்தா ஒரே மதியத்தில் போயிடுச்சு.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே பேச்சு. "ஏமாந்துட்டோம்" என்றார்கள் பலபேர். அப்போது நம்ம குழுவில் வயதில் மூத்த ஒரு அம்மா சொன்னாங்க: "சோறு நல்லா இல்லதான். ஆனா கல்யாணம் ஆன நாள்ல இருந்து எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவ நான். இன்னைக்கு என்னை உக்கார வச்சு ஒருத்தர் பரிமாறினாரு. எனக்கு அது பெருசு." பஸ்ஸில் யாருக்கும் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அன்றிலிருந்து அந்த வார்த்தையை யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாவுக்குப் பிடித்தது குகையா, புலியா? இல்லை. மரியாதையா உட்கார வைத்துக் கவனித்தது. ஒரு சாப்பாட்டுக்கடையின் சூழல் என்று நாம் சொல்வதில் இரண்டு இருக்கிறது. ஒன்று ஜோடனை, அதற்குக் காசு வேண்டும். இன்னொன்று கவனிப்பு, அதற்கு மனசு வேண்டும். இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்கிறோம்.

இதற்கு ஒரு உண்மைக் கதை சொல்றேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் பியூனா பார்க் என்று ஒரு ஊர். அங்கே கோர்டீலியா நாட் என்று ஒரு பெண்மணி. அவருடைய கணவர் வால்ட்டர் நாட் பெர்ரிப் பழம் பயிர் செய்த விவசாயி. ரோட்டோரத்தில் பழமும் ஜாமும் விற்றுப் பிழைத்தார்கள். நாடு முழுக்க வேலையில்லாமல் ஜனங்கள் திண்டாடிய காலம் அது. 1934-ம் ஆண்டு ஒரு நாள் அந்த அம்மா கோழி பொரித்து 8 பேருக்குச் சாப்பாடு போட்டார். ஒரு சாப்பாடு 65 சென்ட், அதாவது ஒரு டாலருக்கும் குறைவு. தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்து அதில்தான் பரிமாறினார்.

ருசி பரவியது. கூட்டம் கூடியது. மணிக்கணக்கில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று 1940-ல் கணவர் பக்கத்திலேயே பழைய காலத்து ஊர் மாதிரி ஒரு தெருவைக் கட்ட ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து வளர்ந்து ராட்டினம், ரயில் எல்லாம் வந்து 'நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்' என்ற பெரிய தீம் பார்க் ஆனது. 1968-ல்தான் வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். கவனியுங்கள் சகோதரிகளே, முதலில் வந்தது ஒரு பெண்ணின் சமையல். தீம் பார்க் அதற்குப் பின்னால் வந்தது! அந்த அம்மாவின் பெயரில் உள்ள சாப்பாட்டுக்கடை இன்றும் பூங்காவின் வாசலுக்கு வெளியே நடக்கிறது. பூங்காவுக்கு டிக்கெட் எடுக்காதவரும் போய்ச் சாப்பிடலாம்.

ஜோடனையால் ஜெயித்தவர்களும் உண்டு. அதே பக்கத்தில் இருக்கிற டிஸ்னிலாண்டில் 1967-ல் 'புளூ பேயூ' என்ற ஓட்டல் திறந்தார்கள். உள்ளே பட்டப்பகலிலும் நிலா வெளிச்சம்தான். சாப்பிடுகிறவர் பக்கத்தில் படகு போகும். அதற்கென்றே இன்றும் முன்பதிவு செய்து போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய முதல் இருக்கிறது! நமக்குப் பின்னால் இருப்பது வட்டியோடு கட்ட வேண்டிய தவணை.

தீம் பார்க் ஓட்டலில் சாப்பாடு ஏன் பல நேரம் சுமாராகிறது? யோசித்தால் புரியும். நம்ம ஊர் மெஸ்ஸில் இன்றைக்குக் குழம்பு கெட்டால் நாளைக்கு ஆள் வராது. அந்தப் பயம் சமைக்கிறவர் கையைச் சுத்தமா வைக்கும். பூங்காவிலோ வெளிச் சாப்பாடு கூடாது, பசிக்கு வேறு வழி இல்லை, வந்தவர் அடுத்து எப்போது வருவாரோ தெரியாது. கெட்டாலும் நஷ்டம் இல்லை என்றால் கவனம் குறையத்தான் செய்யும்.

படகுத்துறைக் கடைக்கு இதை வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் பல்பைப் பார்த்து வருவார். ஆனால் மற்ற ஆறு நாளும் வரப்போவது யார்? வேன் டிரைவர், படகு ஓட்டுகிறவர், மீன் பிடிக்கிறவர், டிக்கெட் கொடுக்கிற ஊழியர். தவணை கட்டுவது அவர்கள் தரும் காசில்தான். அவர்களுக்கு யானைப் பொம்மை வேண்டாம். சுடுசோறு வேண்டும்.

அதனால் நான் முன்வைப்பது இதுதான். கணக்கைத் திருப்பிப் போடுவோம். ரூ.70,000 சமையலுக்கும் சுத்தத்துக்கும், ரூ.30,000 இடத்துக்கு. அந்த ரூ.30,000-லும் முதலில் நிழல், நல்ல வெளிச்சம், கை கழுவத் தண்ணீரும் சோப்பும், குடிதண்ணீர், பெண்கள் தயங்காமல் உட்கார பெஞ்சு. கலர் பல்பு லாபம் வந்த பிறகு.

சமையலில் ஒன்றை மறக்காதீங்க. சமைத்த பண்டத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஆற விடக் கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலையிலேயே மொத்தமாக ஆக்கி வைக்காமல் இரண்டு தடவையாக ஆக்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைக் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டுங்கள்.

அடுத்த சுற்றுலாவுக்கும் சில யோசனைகள்:

• வெளிச் சாப்பாடு விடுவார்களா, வெளியே போய்த் திரும்பி வரலாமா என்று கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். விடமாட்டார்கள் என்றால் வழியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம்.

• உட்காரும் முன் இரண்டு பேர் உள்ளே போய்ப் பாருங்கள். ஆவி பறக்கிறதா, மேசை துடைத்திருக்கிறதா, கை கழுவும் இடம் எப்படி, விலை என்ன? பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

• பில் கேட்டு வாங்குங்கள். 2022 முதல் ஓட்டல் பில்லிலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். கெட்ட வாடை வந்தால் சாப்பிடாமல் அங்கேயே சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. போன வருஷம் நாம் 42 பேர் இருந்தும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது நம்ம தப்பு.

கடை போடப்போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த மூத்த அம்மா மாதிரி ஒருத்தர் உங்க கடைக்கு வருவாங்க. அவங்களை "வாங்கம்மா, உக்காருங்க" என்று கூப்பிட்டு, சுடச்சுடப் பரிமாறி, "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா?" என்று கேளுங்கள். கோர்டீலியா அம்மா கல்யாணத் தட்டை எடுத்து வைத்தது இதற்குத்தான். இதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

மனுவைத் திருத்தித் தீர்மானம் போடலாமா? சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள்.