மூணு விரலுக்கு என்ன கணக்கு?

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் கணக்கு போடப் போறோம். பஸ்ல போய்க்கிட்டே கேக்குறவங்க போன்ல கால்குலேட்டரைத் திறந்து வச்சுக்கோங்க.

வேலை செய்யும்போது அடிபட்டா எவ்வளவு நஷ்டஈடு கிடைக்கும்? இதுக்குப் பதில் சொல்றது பெரும்பாலும் முதலாளிதான். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுவார், கவர்ல ஒரு 50,000 ரூபாய் வச்சுக் கொடுப்பார், "வேற ஏதாவது வேணும்னா கேளுப்பா" என்பார். வாங்குறவங்களுக்கு அது பெரிய மனசாத் தெரியும். ஆனா சட்டப்படி இது அவரோட மனசைப் பொறுத்த விஷயமே இல்லை. வாய்ப்பாடு மாதிரி அச்சடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு.

இந்தியாவில் இதுக்கான சட்டம் 1923-ல் வந்தது. 2010-ல் இருந்து அதுக்குப் பேர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் இந்த விஷயம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. ஆனா கணக்கோட அடிப்படை மாறலை. அதனால பழைய சட்டத்தின் எண்களை வச்சே ஒரு உதாரணம் பார்ப்போம்.

ஒரு சின்னப் பட்டறை. ஆறு பேர் வேலை. 25 வயசுப் பையன் ஒருத்தன், மாசம் 18,000 சம்பளம். 2024-ல் பிரஸ் மெஷின்ல கை மாட்டி, ஒரே கையில் மூணு விரல் போயிடுச்சு. இவனுக்கு எவ்வளவு வரணும்?

முதல்ல சம்பளம். 18,000 வாங்கினாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பாங்க. 2020 ஜனவரியில் மத்திய அரசு வச்ச உச்சவரம்பு அது. அதுக்கு முன்னாடி 8,000-தான். இந்த 15,000-ல் 60 சதவீதம், அதாவது 9,000.

அடுத்து வயசு. ஒவ்வொரு வயசுக்கும் சட்டத்தின் அட்டவணையில் ஒரு காரணி எண் இருக்கு. 25 வயசுக்கு 216.91, 40 வயசுக்கு 184.17, 60 வயசுக்கு 117.41. சின்ன வயசுன்னா இன்னும் பல வருஷம் சம்பாதிக்க வேண்டியவர், அதனால எண் பெருசு. 9,000-ஐ 216.91-ஆல் பெருக்கினா 19,52,190 ரூபாய். ஒருத்தர் இனி எந்த வேலையுமே செய்ய முடியாதுன்னா கிடைக்கிற முழுத்தொகை இது.

மூணாவது, சதவீதம். எந்த உறுப்பு போனா சம்பாதிக்கிற திறன்ல எத்தனை சதவீதம் போச்சுன்னு இன்னொரு பட்டியல் இருக்கு. கட்டைவிரலுக்கு 30. ஒரு கையில் ரெண்டு விரலுக்கு 20, மூணு விரலுக்கு 30, நாலு விரலுக்கு 50. விரல் அப்படியே இருந்தும் நிரந்தரமா முழுசா செயல்படாமப் போனா, அதுவும் இழப்புதான். நம்ம பையனுக்கு 30 சதவீதம். அப்போ 5,85,657 ரூபாய்.

கவர்ல இருந்தது 50,000.

இதுல வயசு ஆதார் கார்டுல இருக்கு, அதுல பெரிய சண்டை வராது. சண்டை வர்றது மத்த ரெண்டுலதான்.

முதல் சண்டை சம்பளம். கையில் 18,000 கொடுத்துட்டு, ரெஜிஸ்டர்ல 9,000-னு எழுதியிருந்தா? அதே கணக்கை 9,000-க்குப் போட்டுப் பாருங்க, 3,51,394 தான் வரும். ஒரே கை, அதே மூணு விரல், ஆனா 2.34 லட்சம் குறைஞ்சிடுச்சு. அதனாலதான் சம்பளம் பேங்க்ல வந்த பதிவு, ஜிபேல வந்த ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப்ல "இந்த மாசம் 18 போட்டுட்டேன்"னு வந்த மெசேஜ் எல்லாமே முக்கியம்.

ரெண்டாவது சண்டை சதவீதம். பட்டியல் சொல்றதே எப்பவும் கடைசி வார்த்தை இல்லை. இங்கே அளக்கிறது உடம்புல எவ்வளவு போச்சுங்கிறதை இல்லை, சம்பாத்தியத்துல எவ்வளவு போச்சுங்கிறதை. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒண்ணு, பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போயிடுச்சு. ஒரு கையை வச்சுக்கிட்டு தச்சு வேலை செய்ய முடியுமா? முடியாது. அதனால அவருக்கு இழப்பு 100 சதவீதம்னு எடுத்ததை நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. ஆக, டாக்டர் "ஊனம் இவ்வளவு"ன்னு எழுதித் தர்றது ஒரு கேள்விக்கான பதில். "இவர் செஞ்ச வேலையை இனி செய்ய முடியுமா?" என்பது வேற கேள்வி. ரெண்டாவதைக் கேட்க மறந்துடாதீங்க.

"உன் கவனக்குறைவுதானே"ன்னு சொல்லி வாயை அடைப்பாங்க. சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடிச்சிருந்தது, பாதுகாப்புச் சாதனத்தை வேணும்னே கழட்டினது, தெளிவாச் சொன்ன உத்தரவை வேணும்னே மீறினது, இந்த மாதிரி சில காரணங்கள்தான் தடுக்கும். மரணம், நிரந்தர முழு ஊனம்னா அந்தக் காரணங்களும் செல்லாது.

"இதோட எல்லாம் முடிஞ்சது"ன்னு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்களா? பயப்படாதீங்க. மொத்தமாப் பேசி முடிக்கிற ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யணும். தொகை ரொம்பக் குறைச்சல்னா அவர் பதிவு செய்ய மறுக்கலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர்கள்தான் இந்தப் பொறுப்பில் இருக்காங்க. பணம் ஒரு மாசத்துக்குள்ள வரலைன்னா 12 சதவீதம் வட்டி. நியாயமான காரணம் இல்லாம இழுத்தடிச்சா, 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். சிகிச்சைச் செலவு தனி, அதை இந்தத் தொகையில் கழிக்கக் கூடாது.

ஒண்ணு கவனிங்க. உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருந்தா இந்த வழி கிடையாது. அங்கே நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம் வரும். அதனால சம்பளச் சீட்டுல இ.எஸ்.ஐ. பிடிச்சிருக்காங்களான்னு முதல்ல பாருங்க.

உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ இப்படி நடந்தா, டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி வைங்க. அதில் "வேலையிடத்தில் அடிபட்டது"ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. கூட வேலை செஞ்சவங்க நம்பரைக் குறிச்சுக்கோங்க. மனு போட ரெண்டு வருஷம் டைம் இருக்கு, ஆனா சாட்சிகள் அத்தனை நாள் அதே பட்டறையில் இருக்க மாட்டாங்க.

கவரை வாங்குறதா வேண்டாமாங்கிறது அவங்கவங்க வீட்டு நிலைமை. வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.